இடது கையில் பத்து எண்கள்

வெள்ளைப்புலி எங்கேம்மா என்று செழியன் கேட்பது இது எத்தனாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன், அதோ அந்த மூங்கிலுக்குப் பின்னால் படுத்திருக்குடா என்று நானும் சலிக்காமல் சொல்கிறேன், எனக்கும் மூங்கில்தான் தெரிகிறது, ஆனால் குரோம்பேட்டையில் ரயில் ஏறி வண்டலூரில் இறங்கி, ஒரு கையில் நாலு வயசையும் மறு கையில் ஏழு வயசையும் பிடித்துக்கொண்டு, முதுகில் பையோடு அந்த ரோட்டைக் கடந்து வந்த பிறகு புலி கண்ணில் படவில்லை என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. பக்கத்தில் ஒரு அப்பா தன் பெண்ணைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெரியுதா தெரியுதா என்கிறார், அந்தப் பெண் தெரியுது என்று பொய் சொல்கிறது, செழியன் என்னை அண்ணாந்து பார்க்கிறான், என் தோளில் ஏற்கெனவே பை இருக்கிறது ராஜா, அதில் உன் மாற்று ஜட்டி இரண்டு, மகிக்கு ஒரு செட், துண்டு, தண்ணீர், முறுக்கு, உங்க அம்மாவின் இடுப்புவலித் தைலம், இதற்கு மேல் ஒரு எறும்பு ஏறினாலும் நான் உட்கார்ந்துவிடுவேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம் எங்கே போனாலும் வழி கேட்பதும் டிக்கெட் எடுப்பதும் தோளில் ஏற்றுவதும் அவர் வேலை, பாட்டிலும் ஜட்டியும் என் வேலை. இன்றைக்கு எல்லாமே நான். அவர் என்றால் தணிகைவேல், இந்தக் குழந்தைகளின் அப்பா, ஒன்றரை வருஷமாக ஓசூரில் தனியாக இருக்கிறார். கோபம் வரும்போது மனசுக்குள் அவன் என்று சொல்லிப் பார்க்கிறேன், இரண்டு நிமிஷத்தில் பழையபடி அவர் ஆகிவிடுகிறார். மகிழினி, வா, ஏன் பின்னாலேயே நிக்கிற, வாடி. கம்பியைப் பிடித்துக்கொண்டு புலியையும் பார்க்காமல் மூங்கிலையும் பார்க்காமல் போகிற வருகிற கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், காலையிலிருந்து இப்படித்தான், கையைப் பிடித்தால் விரலை ஒவ்வொன்றாக உருவிக்கொள்கிறாள், வளர்கிறாள் போலிருக்கிறது, அம்மா கையைப் பிடித்து நடக்க வெட்கம் வந்துவிட்டது போலிருக்கிறது.

அஜாக்கிரதை. அந்த வார்த்தை எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்கிறது, யானையைப் பார்க்கும்போதும் வருகிறது, ஐஸ்கிரீம் உருகிச் செழியனின் முழங்கை வரை வழியும்போதும் வருகிறது. எதிர்மனுதாரர் அஜாக்கிரதையானவர், வேலைக்குச் செல்லும் அவரால் இரு சிறு குழந்தைகளைத் தனியே கவனித்துக்கொள்ள இயலாது, ஆகவே குழந்தைகளை மனுதாரரிடம் ஒப்படைக்கும்படி, அப்புறம் ஏதோ பணிவன்புடன் என்று போகும். திங்கட்கிழமை கோர்ட்டில் அதைத்தான் பேசப் போகிறார்கள். இன்றைக்குச் சனிக்கிழமை. ஏன் இன்றைக்குக் கிளம்பினாய் என்று கேட்டால் குழந்தைகள் ஆசைப்பட்டார்கள் என்பேன், உண்மையில் ஆசைப்பட்டவள் நான், இரண்டையும் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு முழுசாகத் திரும்பக் கூட்டிவர என்னால் முடியும் என்று யாருக்காவது நிரூபிக்க வேண்டும், ஜட்ஜ் இங்கே வரமாட்டார், ஆகவே எனக்கே. ரத்தப் பரிசோதனை லேபில் பதினோரு வருஷமாக டியூபில் பேரும் நம்பரும் எழுதுகிறேன். ஒருநாளைக்கு நூறு கை, நூறு டியூப். இந்தப் பதினோரு வருஷத்தில் ஒருவர் ரத்தம் இன்னொருவர் பேரில் போனதில்லை. என்னையா அஜாக்கிரதை என்கிறாய். ஆனால் அவர் எழுதியதில் ஒரு சம்பவம் இருக்கிறது, அதுதான் முள். போன ஆகஸ்டில் மொட்டைமாடியில் நான் துணி காயப்போட்ட பத்து நிமிஷத்தில் செழியன் கேட்டைத் திறந்துகொண்டு தெருமுனை மாவுமில் வரைக்கும் நடந்து போய்விட்டான், மில்காரர்தான் இடுப்பில் வைத்துக்கொண்டு கொண்டுவந்து விட்டார், தலையெல்லாம் மாவு. அன்றைக்குச் சாயங்காலம் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நான் போன் செய்தது இவருக்குத்தான். அழுதேன், அப்புறம் அந்த மாவுத் தலையைச் சொல்லிச் சிரித்தேன், அவரும் சிரித்தார், சரி விடு மதி, பத்திரமா வந்துட்டான்ல என்றார். நாலு மாசம் கழித்து மனுவில் தேதியோடு வந்தது. மாவுமில் என்றே போட்டிருந்தார்கள். சிரித்ததைப் போடவில்லை.

கேன்டீனில் தயிர்சாதம் வாங்கி மரத்தடி மேடையில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வாயாக ஊட்டுகிறேன், மகிக்கு ஊட்ட வேண்டியதில்லை, ஆனாலும் வாயைத் திறக்கிறாள், நல்லதுதான். ஒரு குரங்கு ஊறுகாய்ப் பொட்டலத்தை நோட்டம் விடுகிறது, செழியன் அதனிடம் உம்பேர் என்ன என்று கேட்கிறான், வாயில் சோற்றோடு. கை கழுவிவிடும்போதுதான் பார்க்கிறேன். செழியனின் இடது கையில், மணிக்கட்டுக்கு மேலே, காலையில் ரயில் பிளாட்பாரத்தில் நான் எழுதின நம்பர். கூட்டத்தில் போறீங்களா, ரெண்டு பேர் கையிலயும் உங்க நம்பர எழுதிடுங்க என்று லேபில் கூட வேலை செய்யும் ரெஜினா சொல்லியிருந்தாள், லேப் மார்க்கரையே எடுத்துவந்து எழுதினேன், தண்ணீருக்கு அழியாது, வேர்வைக்கு அழியாது, ரயில் வந்துவிட்ட அவசரத்தில் ஒன்றில் எழுதி மற்றதிலும் எழுதினேன், மார்க்கரைப் பையில் போட்டேனா பெஞ்சிலேயே விட்டேனா, அது வேறு தெரியவில்லை. எண்கள் அழகாக இருக்கின்றன. கடைசியில் இரண்டு ஏழு, ஒவ்வொன்றின் நடுவிலும் குறுக்குக்கோடு. லேபில் ஏழுக்கு நடுவே கோடு போடுவோம், ஒன்று என்று யாரும் தப்பாகப் படித்துவிடக் கூடாது என்று. என் நம்பரில் ஏழே கிடையாது.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, அம்மா போதும்மா என்கிறான் செழியன், நான் அந்த இரண்டு ஏழையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவருடைய நம்பர். என் கை தானாக எழுதியிருக்கிறது. எனக்கு மட்டுமா இப்படி, கேஸ் சிலிண்டருக்கு நம்பர் சொல்லுங்க என்றால் வாய் இவருடையதைச் சொல்லும், ரேஷன் கார்டில் இவருடையது, பேங்கில் இவருடையது, பிரசவத்துக்குச் சேர்த்தபோது வலியில் கத்திக்கொண்டே நர்ஸிடம் சொன்னது இவருடையது, மகி எல்.கே.ஜி. சேர்ந்த வருஷம் வீட்டு நம்பர் என்று ராகம் போட்டு அவளுக்கு நானே சொல்லிக்கொடுத்ததும் இதுதான், குளிக்கும்போதெல்லாம் பாடிக்கொண்டிருப்பாள். என் நம்பரை நான் யாருக்குச் சொன்னேன், நானே எனக்கு எப்போது போன் செய்தேன். சரி, இப்போது யோசி. இவர்களில் ஒருவர் தொலைந்தால், தொலைய மாட்டார்கள், தொலைந்தால், யாரோ ஒரு புண்ணியவான் கையைப் பார்த்து நம்பரைப் போடுவான், ஓசூரில் போன் அடிக்கும், சார் உங்க குழந்தை இங்க தனியா நிக்குது. அவ்வளவுதான். மனுவில் மாவுமில்லுக்குப் பக்கத்தில் மிருகக்காட்சிசாலை. திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு என் வக்கீல் மேடம் எதைச் சொல்லி மறுப்பார். மேடம்தான் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், ஹியரிங் முடியற வரைக்கும் அவர்கூட போன்ல எதுவும் பேசாதீங்க, ரெக்கார்டு பண்ணுவாங்க, நீங்க வேற வெகுளியா எதையாவது உளறி வைப்பீங்க. ஆகவே இரண்டு மாசமாகப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் கூப்பிடுவார், போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுக் குக்கரைப் பார்க்கப் போய்விடுவேன். அப்பாவுக்கு வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். மகி கட்டிலில் உட்கார்ந்து தலையணையையே பார்த்துக்கொண்டிருப்பாள், அது கொஞ்ச நேரம் விர்ரென்று அதிரும், அப்புறம் நின்றுவிடும். கேஸ் போட்டதிலிருந்து நேரில் வருவதையும் நிறுத்திவிட்டார், அவருடைய வக்கீலும் ஏதாவது சொல்லியிருப்பார். இரண்டு வக்கீலும் சேர்ந்து எங்களை நன்றாகத்தான் வளர்க்கிறார்கள்.

இருந்தாலும் ஒரு சின்ன நிம்மதி இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்கிறேன், அவர் தெரியாத நம்பரை எடுக்க மாட்டார். லோன் வேண்டுமா என்று கேட்பவர்கள்மேல் அப்படி ஒரு வெறுப்பு, மூன்று தடவை அடித்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார், என் தம்பி புது நம்பரிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்து நேரில் வந்த கதை உண்டு. எடுக்க மாட்டார். ஆனால் எடுத்துவிட்டால். எடுக்கவில்லை என்றாலோ, அது எப்படி நிம்மதியாகும், குழந்தை தொலைந்து நிற்கும்போது போன் எடுக்கப்படாமல் இருப்பது எனக்கு நிம்மதியா, என்ன பெண் நான். ஸ்பிரிட் இருந்தால் ஒரே தேய்ப்பில் போய்விடும், லேபில் பாட்டில் பாட்டிலாக இருக்கிறது. கொரோனா காலத்தில் தெருநாய் தவிர எல்லோரிடமும் சானிடைசர் இருந்தது, இப்போது என்னிடம் தைலம் இருக்கிறது. தைலத்தைத் தேய்த்துப் பார்த்தேன், செழியன் எரியுது என்று கத்தினான், ஏழு பளபளப்பானதுதான் மிச்சம். அடுத்த மேடையில் ஸ்கூல் பிள்ளைகளோடு வந்த டீச்சர் ஒருவரிடம் கேட்டேன், சிரித்துக்கொண்டே பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்துக்கொடுத்தார், எதுக்கும்மா என்றார், கை ஒட்டுது என்றேன். கைக்குட்டையை நனைத்துத் தேய்க்கத் தேய்க்கச் செழியன் கையிலிருந்து ஒன்பது போனது, எட்டு போனது, கடைசியில் இரண்டு ஏழும் ஊதாவாகக் கரைந்து போயின, அப்பாடா என்றிருந்தது, டீச்சரிடமே பேனா வாங்கி என் நம்பரைப் போனில் பார்த்துப் பார்த்து எழுதினேன். மகி, கையைக் காட்டு. அவள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். வேணாம். ஏண்டி, அம்மா தப்பா எழுதிட்டேன், மாத்தி எழுதணும். வேணாம்மா, இருக்கட்டும். மகி, கொண்டா இங்க. ஸ்வெட்டர் போடாத வெயில் நாளில் முழுக்கைச் சட்டைதான் வேண்டும் என்று காலையில் அடம்பிடித்துப் போட்டுக்கொண்டாள், அந்தக் கையை விரல்நுனி வரை இழுத்துவிட்டுக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள், கண்ணில் தண்ணீர் தளும்புகிறது. டீச்சர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் எல்லாம் பார்க்கிறார்கள். சரி விடு, சாயங்காலம் வரைக்கும் உன் கையை நான் விடப்போவதில்லை, எதையாவது எழுதிக்கொண்டு போ. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

அவள் ரயிலில் கேட்டது நீர்யானைக் குளத்தருகே வந்தபோது ஞாபகம் வந்தது, கேட்டபோது சரியாகக் காதில் வாங்கவில்லை. அம்மா, தொலைஞ்சு போனா யாரு வருவாங்க. யாராச்சும் இந்த நம்பருக்குப் போன் பண்ணுவாங்க, ஓடி வந்துடுவாங்க. இந்த நம்பருக்கா. ஆமாண்டி, இந்த நம்பருக்குத்தான். அப்புறம் தாம்பரம் தாண்டும்வரை கையையே பார்த்துக்கொண்டு வந்தாள், வாய் மட்டும் மெதுவாக அசைந்தது, நான் ஏதோ ரைம்ஸ் சொல்கிறாள் என்று நினைத்தேன். நீர்யானை தண்ணீருக்குள் இருக்கிறது, இரண்டு காதும் மூக்கும் மட்டும் வெளியே, அதுவும் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை உள்ளே போய்விடுகிறது, எனக்கும் அப்படி ஒரு குளம் கிடைத்தால் தேவலை. அம்மா ஒண்ணுக்கு என்றான் செழியன். பக்கத்தில்தான் கழிப்பறை, உள்ளே ஈரம், இருவரையும் இழுத்துக்கொண்டு போனால் மகி மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள், நான் இங்கியே நிக்கிறேன். நகரக் கூடாது. ம். இந்தத் தூணைப் பிடிச்சுக்கோ. ம். செழியனின் பட்டனைக் கழற்றி, அவன் சுவரைப் பார்த்து, ஒரு பல்லியைக் கண்டு, பல்லியோடு பேசி, ஒருவழியாக முடித்து, பட்டனைப் போட்டு, நிமிஷம் எத்தனை ஆகியிருக்கும், இரண்டு, மூன்று. வெளியே வந்தால் தூண் இருந்தது.

மகி என்று கூப்பிட்டேன், முதல் தடவை சாதாரணமாக, அடுத்த தடவை சாதாரணமாக இல்லை. இதை எழுதி வைத்துக்கொள்ள யாரும் இல்லை என்பதால் எனக்குள் ஒப்புக்கொள்கிறேன், எனக்கு முதலில் ஞாபகம் வந்தது குழந்தை அல்ல, போன். ஓசூரில் அவர் சட்டைப் பையில் இருக்கும் போன். அது அடிக்கக் கூடாது, அடிப்பதற்குள் நான் கண்டுபிடித்துவிட வேண்டும், அப்படித்தான் நினைத்தேன், நினைத்துக்கொண்டே ஓடினேன், பாதி ஓட்டத்தில்தான் நீர்யானைக் குளமும் அதன் சுவரும் ஞாபகம் வந்தன, சுவர் அவளுடைய நெஞ்சு உயரம் இருக்கும், குளத்தை எட்டிப் பார்த்தேன், இரண்டு காது, ஒரு மூக்கு, பச்சைத் தண்ணீர். அம்மா வலிக்குது வலிக்குது என்று செழியன் கத்துகிறான், அவன் கையை அப்படி நெரித்திருக்கிறேன். மஞ்சள் சட்டை, முழுக்கை, பார்த்தீங்களா அண்ணா, ஏழு வயசு, ரெட்டைப்பின்னல். இல்லையேம்மா. மஞ்சள் சட்டை. அங்க ஒண்ணு போச்சு மாதிரி. அஜாக்கிரதை, அஜாக்கிரதை, சரி, ஆமாம், அப்படியே இருக்கட்டும், அஜாக்கிரதைதான், ஜட்ஜ் கேட்டால் ஆமாம் என்று சொல்கிறேன், அவள் மட்டும் கிடைத்துவிடட்டும்.

பேட்டரி வண்டிகள் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். காக்கிச் சட்டை போட்ட காவலாளிப் பெண்மணி ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்திருந்தார், அவர் முன்னால் மகி சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, லேபில் ரத்தம் எடுக்க நீட்டுவார்களே அப்படி, இடது கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அழவில்லை. பயப்படவில்லை. நான் ஓடிப்போய் மண்டியிட்டுக் கட்டிக்கொண்டபோது அவள் உடம்பு என்மேல் சாயவே இல்லை. முகத்தைப் பார்த்தேன், சீக்கிரமாகக் கண்டுபிடித்துவிட்டார்களே என்கிற ஏமாற்றம் அப்படியே இருந்தது. "நீதான் அம்மாவா? நல்ல ஆளு போ," என்றார் அந்த அக்கா. "பாப்பாவே வந்து நான் தொலைஞ்சு போய்ட்டேன், இந்த நம்பருக்குப் போடுங்க, எங்கப்பா வந்து கூட்டிட்டுப் போவாருன்னுச்சு. மூணு வாட்டி போட்டுட்டேன், ரிங்கு போவுது, எடுக்க மாட்டேங்கிறாரே." மகி அவரைப் பார்த்து, "ஆன்ட்டி, இன்னும் ஒரே ஒரு தடவை," என்றாள். அதற்குள் குரல் உடைந்துவிட்டது. "நாளைக்குத்தானே ஞாயித்துக்கிழமை, அதான் எடுக்கல. பிஸியா இருப்பாரு. இன்னொரு தடவை போட்டா எடுப்பாரு."

காலையிலிருந்து உருவிக்கொண்ட விரல்கள், புலிக்கூண்டில் கூட்டத்தைப் பார்த்தது, யானையிடம் பின்தங்கியது, விரல்நுனி வரை இழுத்துவிட்ட சட்டைக் கை, எல்லாம் இப்போது ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்கின்றன. நாள் முழுக்க இவள் தொலைந்து போக இடம் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். பாடத் தெரிந்த நம்பர் அவளுக்கு, எழுதின உடனேயே தெரிந்திருக்கும். தெரியாத நம்பரை அவர் எடுக்க மாட்டார் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவர் எடுக்கவில்லை, நான் பயந்தது நடக்கவில்லை, இப்படியே எழுந்து, அப்பா வேலையா இருக்காருடி என்று இன்னொரு தடவை சொல்லி, ரயிலேறி வீட்டுக்குப் போய்விட்டால் திங்கட்கிழமை யாருக்கும் எதுவும் தெரியாது. மூன்று மிஸ்டு கால், ஏதோ லோன்காரன். ஆனால் இவள் தன் மனசில் எழுதி வைத்துக்கொள்வாள், நான் தொலைந்து போனேன், அப்பா போனை எடுக்கவே இல்லை என்று, அது எந்த ஸ்பிரிட்டுக்கும் அழியாது, அதை எழுதின கையும் என் கையாகத்தான் இருக்கும். வக்கீல் மேடம் சொல்வது காதில் கேட்கிறது, வெகுளி மாதிரி எதையாவது உளறி வைப்பீங்க. ஆமாம் மேடம், வெகுளிதான். போனை எடுத்தேன், மாவுமில் அன்றைக்கு எடுத்த மாதிரியே. மகி அப்பா என்று இன்னும் அதே பேரில்தான் இருக்கிறது. அழுத்தினேன். முதல் மணி முழுசாக அடிக்கக்கூட இல்லை. "மதி? என்ன மதி, பசங்களுக்கு என்ன?" என்றது அந்தக் குரல், இரண்டு மாசத்துக்கு அப்புறம், பயந்துபோய். போனை மகியின் காதில் வைத்தேன். அவள் அதை இடது கையால் வாங்கிக்கொண்டாள், மணிக்கட்டுக்கு மேலே அந்தப் பத்து எண்களும் தெரிய, இன்னொரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அப்பா, நான் தொலைஞ்சு போய்ட்டேன்."